மலைக்குப் போன காராமணி

சந்தையில் நாற்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். அம்மா வெங்காயம் விற்ற தராசுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தேன். அங்கே படித்த பாடம் ஒன்று உண்டு. வாங்கப் போகிறவன் என்ன வேண்டும் என்று சொல்லலாம், எவ்வளவு வேண்டும் என்றும் சொல்லலாம். எதற்கு வேண்டும் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. பெண்டாட்டிக்கு மசக்கை என்று சொல்லிவிட்டு மாங்காய் வாங்கியவன் எவனும் நியாய விலைக்கு வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பாடம் எனக்கு ஒரு வீடு கொடுத்தது, ஒரு லாரி கொடுத்தது, எங்கள் ராஜா ஊரான ஜோக்ஜா முழுக்கக் கொஞ்சம் கெட்ட பெயரும் கொடுத்தது. அந்த வருஷம், நபிகள் பிறந்த முலுத் மாதத்தில், அதே பாடம் ராஜாவின் மலையை மொட்டையாக நிறுத்தப் பார்த்தது.

என் அக்கா புருஷன் தார்யோனோ அரண்மனை ஊழியர். அவர் வாங்குகிற சம்பளத்தில் அவர் வீட்டுப் பூனைக்கு மீன் வாங்கலாம், அதுவும் சின்ன மீனாக. கேட்டால், "சம்பளத்துக்கா போறோம்" என்பார். கோடு போட்ட நீலச் சட்டை, தலையில் துணிக்கட்டு, வெறுங்கால். அரண்மனைக்குள் குரலை உயர்த்தக் கூடாது என்பதால் வெளியேயும் அவருக்குக் குரல் உயராமல் போய்விட்டது. நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் ஒரே சத்தம்தான். அக்கா சொல்லுவாள்: "வீடு தீப்பிடிச்சாலும் இந்த மனுஷன் 'கொஞ்சம் வெக்கையா இருக்குல்ல'ன்னுதான் கேப்பாரு."

பதினெட்டு வருஷமாக மலை கட்டும் கொட்டகையில் மூங்கில் சீவிக்கொண்டும் கயிறு முறுக்கிக்கொண்டும் இருந்தார். அந்த வருஷம்தான் ஆண் மலையின் காய்கறிப் பொறுப்பு முழுசாக அவர் கைக்கு வந்தது. பன்னிரண்டாம் பிறையில், நபிகள் பிறந்த நாளில், ராஜாவின் தருமமாக அரண்மனையிலிருந்து பள்ளிவாசலுக்குத் தோளில் போகிற மலைகளில் பெண் மலை பலகாரத்தால் ஆனது. ஆண் மலை காய்கறியால் ஆனது. ஆள் உயரத்துக்கும் மேலான மூங்கில் கூட்டின் உச்சியிலிருந்து அடி வரைக்கும் காராமணி தொங்க வேண்டும், எண்ணெய் வைத்து வாரிவிட்ட கூந்தல் மாதிரி. இடையிடையே சிவப்பு மிளகாயும் முட்டையும் வரும். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு அது காராமணி மலைதான்.

மாதப் பிறப்பன்று கடைக்கு வந்து என்னிடம் கேட்டார்.

"மச்சான், காராமணி முந்நூறு கட்டு வேணும். ஒவ்வொண்ணும் கை நீளம் இருக்கணும், கோணல் இருக்கக் கூடாது. பதினோராம் பிறை மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னால கொட்டகைக்கு வந்துடணும். முடியுமா?"

"என்ன மச்சான் கேள்வி இது. காராமணி என்ன, கடலையே கட்டுக் கட்டாக் கட்டித் தர்றேன்."

"நல்லது," என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒன்றும் வராது.

அன்றைக்கே சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் பண்டிகை வாரத்தில் ஊர்ப்பட்ட காய் சந்தையில் வந்து குவியும், ஒன்பதாம் பிறையில் விலை விழும், பத்தாம் பிறையில் காலடியில் கிடக்கும். வருஷா வருஷம் பார்க்கிறேனே. காத்திருந்தேன். ஐந்தாம் பிறை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் ராஜாவின் வெண்கல வாத்தியங்கள் முழங்க ஆரம்பித்தன. முதல் அடி விழும்போது வெற்றிலை போட்டால் இளமை போகாது என்று பெண்கள் எல்லாம் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். என் மனைவியும் போய்வந்து பல்லைக் காட்டினாள். நான் காத்திருந்தேன். ஏழாம் பிறையன்று மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை.

பத்தாம் பிறை காலையில் மொத்தச் சந்தைக்குப் போனால், ஆற்றோரத் தோட்டம் அத்தனையும் தண்ணீருக்கடியில் என்றார்கள். காராமணி என்று மூன்று கூடை வந்திருந்தது. எலி வால் நீளம். அதிலும் கறுப்புப் புள்ளி.

கொட்டகைக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், பெண் மலை பாதி உடுத்தி நின்றது. பக்கத்தில் ஆண் மலை வெறும் மூங்கிலாக, கோழிக்கூடு மாதிரி நின்றது. தார்யோனோ கீழே உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், மழை," என்றேன்.

"ஆமா. நல்ல மழை."

"காராமணி கொஞ்சம்..."

அவர் நாரைக் கீழே வைத்தார். "கீரையச் சுத்தி ஒப்பேத்திடலாம்னு சில பேரு சொன்னாங்க. வேணாம், எம் மச்சான் வாக்குக் குடுத்திருக்கான்னு சொல்லிட்டேன்."

"நாளைக்கு வந்துடும்."

"நல்லது." மூங்கிலை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "நான் வந்ததுலேர்ந்து இது மொட்டையா வெளிய போனதில்ல."

அதே குரல்தான். பூனைக்கு மீன் வைக்கிறபோது பேசுகிற குரல். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரே திரண்டு நிற்கிற வீதியில், சிப்பாய்கள் முன்னும் பின்னும் வர, ஒரு கோழிக்கூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அதன் பக்கத்தில் தார்யோனோ நடப்பார். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் கேட்காமல் இருப்பதுதான் தண்டனை.

மறுநாள் விடிந்ததும் லாரியை எடுத்தோம். ஓட்டுகிறவன் சாமிரான், என்னோடு இருபது வருஷமாக இருப்பவன்.

"முதலாளி, தெக்கால கடலோரம் போவோம். மணலு. மூணு நாள் இல்ல, முப்பது நாள் பேஞ்சாலும் தண்ணி நிக்காது," என்றான்.

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று கோபமாக வந்தது. "போ. ஆனா ஒண்ணு. நான் பேசிக்கறேன், நீ வாயைத் தெறக்காத. அரண்மனைன்னு தெரிஞ்சா அவனவன் தங்கத்துக்கு வெல சொல்ற மாதிரி சொல்லுவான். மலைங்கற வார்த்த உன் வாயிலேர்ந்து வந்துச்சு, நீ நடந்துதான் வீட்டுக்குப் போவ."

"அப்ப லாரிய யாரு ஓட்டுவா?" என்றான்.

பந்துல் ஊரைத் தாண்டி, அலைச் சத்தம் கேட்கிற தூரம் வரைக்கும் போனோம். முதல் இரண்டு ஊரில் மிளகாயும் தர்பூசணியும்தான். மூன்றாவது ஊரில், சாலைக்குக் கீழே, கண்ணை நம்ப முடியவில்லை. ஒரு காணிக்குக் குறையாமல் கொடிப்பந்தல். பந்தலுக்குப் பந்தல் காராமணி தொங்குகிறது. கை நீளம் கேட்டாரே, இது தோள் வரைக்கும் வரும். ஒரு கோணல் இல்லை. பண்டிகைக்கு முந்தின நாள், சந்தையில் காயே இல்லாத நாள், இத்தனையும் பறிக்காமல் நிற்கிறது. எந்த மடையனின் தோட்டம் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

மடையன் இல்லை, மடைச்சியும் இல்லை. துமினா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். மூங்கில் தொப்பி, வெற்றிலைச் சிவப்பு வாய். மணலில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"காராமணி குடுப்பீங்களா அக்கா?"

"எதுக்கு?"

எடுத்த எடுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்கிற விவசாயியை நான் அதுவரைக்கும் கண்டதில்லை. ஆனாலும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"ஹோட்டலுக்குங்கக்கா. வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க. பச்சையா ஏதாவது வேணுமாம்."

"அந்த வரப்புல புல்லு இருக்கு, அறுத்துக்கிட்டுப் போங்க."

சாமிரான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் சிரித்து வைத்தேன். சந்தையில் எதிராளி கிண்டல் பண்ணினால் சிரித்து வைக்க வேண்டும், விலை குறையும்.

"கட்டுக்கு அஞ்சாயிரம் ரூப்பியா தர்றேன்."

களை பிடுங்குகிறாள்.

"ஏழு."

அடுத்த களைக்கு நகர்கிறாள். எனக்குப் பேரம் தெரியும், எதிர்ப்பேரமும் தெரியும். எதிரே ஆளே இல்லாத மாதிரி இருக்கிற பேரம் மட்டும் பழக்கமில்லை. வாய் தானாகவே, "பத்து" என்று சொல்லிவிட்டது.

அப்போதுதான் நிமிர்ந்தாள். "பத்தாயிரத்துக்குக் காராமணி கேக்கறவன் ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல பொய் சொல்றவனா இருக்கணும். உங்களப் பாத்தா பைத்தியம் மாதிரி தெரியல, முதலாளி."

சரி, ஹோட்டல் செல்லாது. அடுத்த சரக்கை எடுத்தேன். கொஞ்சம் குரல் தழுதழுக்க, "உண்மையச் சொல்லிடறேங்கக்கா. எங்க அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். மழைல எல்லாம் அழுகிப்போச்சு, வீட்ல அழுகையா இருக்கு," என்றேன்.

என் அக்காவுக்கு மூன்றும் பையன்கள். சாமிரானுக்கு இருமல் வந்தது.

துமினா முகம் இளகிவிட்டது. "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கல்யாண வீடுன்னா பத்துக் கட்டு எடுத்துக்குங்க. காசு வேணாம்."

"எனக்கு முந்நூறு வேணும்."

"முந்நூறா? கல்யாணத்துக்கு வர்றது மனுஷங்களா, ஆடா?" என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "பத்து எடுத்துக்குங்க. மீதி தர்றதுக்கில்ல. அது மலைக்கு."

"எந்த மலைக்கு?" என்றேன். தெரியாமல் கேட்கவில்லை. அவள் வாயால் இன்னொரு தடவை வரட்டும் என்று கேட்டேன்.

"எந்த மலைன்னா? ராஜா மலைக்கு. ஜோக்ஜாக்காரரு நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?" கையிலிருந்த களையை வீசிவிட்டு ஒரு கொடியைப் பிடித்தாள். "ஏழு வருஷம் முன்னால நானும் எம் புருஷனும் மலை பாக்கப் போயிருந்தோம். அப்ப இவரு இருந்தாரு. அந்தக் கூட்டத்துல நசுங்கி ஒரே ஒரு காய் கெடச்சுது. முத்தின காய். உள்ள பத்து வெத. இந்த மணல்ல போட்டோம், ரெண்டு முளச்சுது. இந்தப் பந்தல் அத்தனையும் அந்த ரெண்டோட பேரன் பேத்திங்கதான். அதனால முலுத் மாசத்துக் காய மட்டும் பன்னெண்டாம் பிறை வரைக்கும் நான் தொடறதில்ல. மலைக்குன்னு யாராவது கேட்டு வந்தா?"

"யாராவது வந்திருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

"ஏழு வருஷமாவா?"

"வரலைங்கறது வேற. கேட்டு வர்ற அன்னிக்கு நம்மகிட்ட இல்லாமப் போயிடக் கூடாதில்ல."

இதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவைக்கிற மாதிரி சொன்னாள். ஏழு முலுத், ஏழு விளைச்சல், விற்க வேண்டிய பருவத்தில் பந்தலிலேயே முற்றவிட்டிருக்கிறாள். என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்ல என் நாக்கு வரவில்லை.

"முதலாளி," என்றான் சாமிரான், "இப்பவாவது சொல்லித் தொலைங்க. நான் நடந்தே போறேன்."

சொன்னேன். என் மச்சான் பெயர், கொட்டகை, மொட்டை மூங்கில், முந்நூறு கட்டு, லுஹர் தொழுகை எல்லாவற்றையும் சொன்னேன். துமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்து வந்தது.

"மொதல்ல ஹோட்டலு. அப்பறம் கல்யாணம். நான் வாயத் தெறந்து மலைன்னதும் இப்ப மலை. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா தெக்குக் கடல்ல குடியிருக்கற தெய்வ ராணியே சமைக்கக் கேட்டாங்கன்னு சொல்லுவீங்க."

"சத்தியமா சொல்றேங்கக்கா."

"உங்க சத்தியம் கட்டு என்ன வெல?"

தார்யோனோவுக்குப் போன் போட்டேன். அரண்மனைக்குள் போனை அணைத்துவைக்கிற ஒரே மனிதர் என் குடும்பத்தில்தான் இருக்கிறார். அணைத்திருக்கிறது என்ற குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷத்தில் எத்தனை பொய்யை விற்றிருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கையில் ஒரே ஒரு உண்மை இருந்தது, அதை வாங்க ஆளில்லை. "அக்கா, அது வந்து... எங்க மச்சான்... அவரு பதினெட்டு வருஷமா..." என்று என்னென்னவோ உளறினேன்.

சாமிரான் முன்னால் வந்தான். "அக்கா, நான் இருவது வருஷமா இவருக்கு வண்டி ஓட்டறேன். பொய் சொல்றப்ப இவரு மூச்சே விட மாட்டாரு, ஆறு மாதிரி வரும். இப்பப் பாருங்க, எப்படித் திக்குது. இது நெசம்."

துமினா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழுகலா நல்லதா என்று பூசணியைத் தட்டிப் பார்க்கிற பார்வை.

"நானும் வண்டில வர்றேன்," என்றாள் கடைசியில். "அரண்மனை வாசல்ல எறங்கலன்னா, இதே வண்டில காயத் திருப்பிக் கொண்டாந்துடுவேன். எறக்குக் கூலியும் உங்களுதுதான்."

வீட்டு வாசலில் தொங்கிய மூங்கில் கட்டையைத் தட்டினாள். அதைத் தட்டினால் வெள்ளம், திருட்டு, இல்லை சாவு என்று ஊருக்கு அர்த்தம். தெருவே ஓடி வந்தது. "மலைக்குக் கேட்டு வந்துட்டாங்க," என்று ஒரே ஒரு வரி சொன்னாள். என்ன மலை, யார் கேட்டது என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை. ஏழு வருஷமாக அந்த ஊர் முழுக்க அவளைக் கேலி பண்ணியிருக்கிறது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. கேலி பண்ணினவர்கள்தான் கத்தியை எடுத்துக்கொண்டு முதலில் பந்தலுக்குள் போனார்கள். ஒருத்தி அறுக்க, ஒருத்தி நீளம் பார்க்க, ஒருத்தி வாழைநாரால் கட்ட, லாரிக்குள் ஈரத் துணி விரித்து அடுக்கினார்கள். நான் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் செய்ய விடவில்லை.

விலை பேச வேண்டுமே. "அக்கா, பத்தாயிரம்னு சொன்னேன். வாக்கு மாற மாட்டேன்," என்றேன்.

"அது ஹோட்டல் வெல. இதுக்கு மூணு போதும்."

"மூணா? சந்தைல சாதாரண நாள்லயே நாலு போவுதுக்கா. ஆறாயிரமாவது வாங்கிக்குங்க."

"மூணு."

"அஞ்சு. எனக்காக."

"ரெண்டர."

வாயை மூடிக்கொண்டேன். இன்னும் பேசினால் பணம் கொடுத்து அனுப்புவாள் போலிருந்தது. என் வாழ்நாளில் நான் தோற்ற ஒரே பேரம் அதுதான். எந்தப் பக்கம் தோற்றேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

துமினா நல்ல சேலையும் மேல்சட்டையும் மாற்றிக்கொண்டு முன் இருக்கையில் எங்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் வெற்றிலை மென்றாள். இந்த வருஷம் தோட்டத்து வேலையால் வாத்தியத்தின் முதல் அடிக்குப் போக முடியவில்லை என்று வருத்தப்பட்டாள்.

"உங்க பொண்டாட்டி போனாங்களா முதலாளி?"

"போனா. வெத்தல போட்டா."

"இளமையா இருக்காங்களா?"

"நாக்கு மட்டும்," என்றேன். முதல் தடவையாக என் பேச்சுக்கு அவள் சிரித்தாள்.

அரண்மனையின் தெற்கு வாசலில் லாரி நிற்கவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. துமினா இறங்கினாள். வெள்ளைச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த ஊழியர்களைப் பார்த்தாள். "நெசமாவே அரண்மனைதான்," என்று சொல்லிவிட்டு வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பப் போனவள், இங்கே துப்பக் கூடாது என்று விழுங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கொட்டகையில் அந்த மொட்டை மூங்கிலைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

தார்யோனோ எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. முதல் கட்டைப் பிரித்தார். ஒரு காயை எடுத்து முன்கையின் மேல் கிடத்தினார். விரல் நுனியிலிருந்து முழங்கையைத் தாண்டித் தொங்கியது. இன்னொன்றை எடுத்தார், வளைத்தார், விட்டார். ஆறாவது காயில்தான் அவருடைய தோள் கீழே இறங்கியது. இரண்டு நாளாக அது மேலேயே நின்றிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

துமினாவிடம் திரும்பி, பெரிய இடத்து ஆட்களிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்: "அம்மா, இது எந்த ஊர்ல வெளஞ்சதுங்க?"

வழியெல்லாம் வாய் ஓயாதவள், கையிலிருந்த செருப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "இங்கதாங்க வெளஞ்சது. ஏழு வருஷம் முன்னால. நான் கொஞ்ச நாள் எங்க ஊர்ல வச்சிருந்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தார்யோனோ கேட்டு முடித்துத் தலையைத் தாழ்த்தினார். சும்மா மரியாதைக்குத் தாழ்த்துகிற தலை வேறு, எனக்குத் தெரியும், நான் தினமும் பத்துப் பேருக்குத் தாழ்த்துகிறவன். பாய் ஒன்றை எடுத்து, மலை நன்றாகத் தெரிகிற இடத்தில் தானே விரித்து, அவளை உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் வந்தார்.

"வந்துடுச்சு மச்சான்," என்றேன்.

"ஆமா. நல்லது," என்றார். ஆனால் போகிறபோது என் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். அக்காவைக் கேட்டால் கல்யாணத்தன்றுகூட அந்த மனிதர் அப்படி அழுத்தியதில்லை என்பாள்.

மறுநாள் பண்டிகை. இருபது வருஷமாகப் பண்டிகையன்று நான் கடையை விட்டு நகர்ந்ததில்லை, அன்றைக்கு வியாபாரம் அப்படி. அந்த வருஷம் பூட்டிவிட்டுப் போனேன்.

மிளகாய் மாதிரி சிவந்து நீண்ட தொப்பியோடு முதல் படை வந்தது. அவர்களுக்கு ஊரில் பெயரே மிளகாய்ச் சிப்பாய்தான். குழலும் மேளமுமாக ஒவ்வொரு படையும் அதனதன் நடையில் வந்தது. வயதான சிப்பாய்கள், காலையில் சைக்கிள் ரிப்பேர் பண்ணுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர்கள், என்னிடமே பாக்கி வைத்துக் காய் வாங்குகிறவர்கள். அன்றைக்கு அவர்கள் நடந்த நடையைப் பார்த்து நானே ஒதுங்கி நின்றேன். துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து ஒன்றாக வெடித்தன. புகைக்குள்ளிருந்து மலை வந்தது.

பச்சை. அந்தப் பச்சையை எப்படிச் சொல்வது? சந்தையில் தினமும் பார்க்கிற காய்தான், கூடையில் கிடந்தால் திரும்பிப் பார்க்க மாட்டேன். பதினாறு தோள்களின் மேல், உச்சியிலிருந்து ஒரே சரிவாக இறங்கி, தூக்குகிறவர்கள் அடி வைக்க வைக்க மொத்தமும் ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம் அலைந்தது. மிளகாய்கள் உள்ளே தீப்பொறி மாதிரி மினுங்கின. தட்டுக்கு ஒரு விலை, கட்டுக்கு ஒரு விலை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதற்கு விலை போடத் தெரியவில்லை. பக்கத்தில் தார்யோனோ வெறுங்காலோடு நடந்து வந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லை எவ்வளவு சந்தோஷம் என்று கூட்டத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

பள்ளிவாசல் முற்றத்தில் மலையை இறக்கினார்கள். துஆப் பிரார்த்தனை தொடங்கியது. எங்கள் ஜனங்கள் துஆ முடியும்வரை பொறுத்ததாகச் சரித்திரமே இல்லை. கடைசி ஆமீனுக்கு இன்னும் ஒரு மூச்சு இருக்கும்போதே ஆசீர்வாதமாக ஒரு காயாவது பிடுங்கிவிட, கடல் பொங்கின மாதிரி மலைமேல் பாய்ந்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. புழுதி அடங்கினபோது அங்கே நின்றது நான் பயந்து பயந்து செத்த அதே மொட்டை மூங்கில், ஒரு நார்கூட மிச்சமில்லாமல்.

தார்யோனோ அதன் பக்கத்தில் நின்று, மூங்கிலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமா போயிடுச்சு மச்சான்," என்றார். சிரித்தார். பல் தெரிய.

கூட்டம் கலைகிறபோது, வாத்தியங்கள் இறங்கிப்போன வெற்று மண்டபத்து ஓரத்தில் துமினா உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது, ஒரு செருப்பைக் காணவில்லை, முழங்கையில் சிராய்ப்பு. மடியில் ஒரே ஒரு காராமணி, பாதி மிளகாய்.

"ஏங்கக்கா, நேத்து முந்நூறு கட்டு உங்க கைல இருந்துச்சு. ஒண்ண இடுப்புல சொருகியிருந்தா இந்த மிதி வாங்கியிருக்க வேணாமே," என்றேன்.

"அது என்னோட காய். இது ராஜா பேர்ல துஆ ஓதிக் குடுத்தது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்ப நீங்க ஏன் அதையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"

மாட்டிக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு கேட்டுவிட்டேன். "அதுல பாதி எனக்குத் தருவீங்களா?"

"எதுக்கு?"

வாயைத் திறந்தேன். ஹோட்டலும் கல்யாணமும் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. பேரனுக்கு உடம்பு சரியில்லை என்று ஒன்று புதிதாகவும் வந்தது. எனக்குப் பேரனே இல்லை.

"கடைல... தராசுக்கு மேல... கட்டித் தொங்கவிடலாம்னு," என்றேன். "அதப் பாத்துக்கிட்டு... சும்மா, பாத்துக்கிட்டு இருக்கலாம்னு."

துமினா என் முகத்தைப் பார்த்தாள். "திக்குது," என்றாள். "நெசந்தான்."

காயை இரண்டாக ஒடித்து ஒரு துண்டை நீட்டினாள். வாங்கியதும் என்னையறியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தேன். பழக்கம் விடுமா?

என் துண்டுதான் பெரிசு.